தாளம் யார் கையில்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் ஒரு மிருதங்க வித்வான் இருக்கிறார். மூன்று வருடம் முன்னால், எஸ்.பி. ரோட்டுப் பழைய சாமான் கடையில் வாங்கிய எலக்ட்ரானிக் டிரம் பேட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எட்டு ரப்பர் சதுரங்கள், பின்னால் ஒரு யூஎஸ்பி ஓட்டை. லேப்டாப்பில் லினக்ஸ். தா, தீ, தொம், நம் என்று அவர் வாசிப்பிலிருந்தே சொற்களைப் பதிவு செய்து சதுரத்துக்கு ஒன்றாக ஏற்றியிருந்தேன். இரண்டு விரலால் தட்டினார், நிறுத்தினார், மறுபடி தட்டினார்.

“தம்பி, நான் அடிச்சு முடிச்சப்புறம்தான் இது பேசுதுப்பா.”

அவர் சொன்ன தாமதத்துக்குக் கணக்கு உண்டு. கணினியின் ஒலி வெளியீடு நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒலி வரிசையில் காத்திருக்கும் பஃபரில் 1,024 மாதிரிகள் கொண்ட இரண்டு துண்டுகள். ஒரு துண்டு 21 மில்லிநொடி. இரண்டும் சேர்ந்தால் 43. கச்சேரி மேடையில் வயலின் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி மிருதங்கக்காரர் காதுக்கு வர 6 மில்லிநொடி ஆகும். அதை யாரும் தாமதம் என்று சொல்வதில்லை. 43 என்பது வயலின்காரரைப் பதினைந்து மீட்டர் தள்ளி, மண்டபத்துக்கு வெளியே உட்கார வைத்ததற்குச் சமம். நொடிக்கு எட்டுச் சொற்கள் விழும் வேகத்தில் இரண்டு சொற்களுக்கு நடுவே 125 மில்லிநொடிதான் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை என் லேப்டாப் விழுங்கியிருந்தது.

இசைச் சாதனத்துக்கு டிரைவர் எழுதுவது என்றால் சாதனத்துக்கும் நிரலுக்கும் நடுவே பைட்டுகளை எடுத்துப் போய்க் கொடுப்பது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பிரின்டருக்கு அது சரி. பக்கம் அரை நொடி தாமதமாக வந்தால் யாரும் அழமாட்டார்கள். இசையில் பைட் சுமப்பது சின்ன வேலை. தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பது யார் என்பதுதான் பெரிய சண்டை. யூனிக்ஸ் குடும்பத்தில் முப்பத்தைந்து வருடமாக அந்தத் தாளம் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

தமிழ்க் காதுக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்கலாம். 1986-ல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா யமஹாவின் சிஎக்ஸ்5எம் என்ற சின்னக் கணினியைப் பயன்படுத்தினார். அது எம்எஸ்எக்ஸ் வகைக் கணினி. உள்ளேயே எஃப்எம் ஒலிச் சில்லு. ஒரே பெட்டி, ஒரே வேலை. இசையைத் தவிர அந்தக் கணினிக்கு வேறு கவனம் கிடையாது. எனவே தாளம் பற்றிய கேள்வியே எழவில்லை.

யூனிக்ஸ் அப்படி இல்லை. ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு வேலை செய்யப் பிறந்தது அது. நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அது பக்கத்து ஆளின் கோப்பை வட்டில் எழுதப் போய்விடும். போன இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமும் தராது. கோப்பு வேலைக்கு அது நியாயம். மோராவுக்கு நடுவே அது துரோகம்.

இதற்கு முதலில் கண்ட வழி, தாளத்தைக் கணினிக்கு வெளியே, கார்டிலேயே வைத்துவிடுவது. எண்பதுகளில் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட எம்பியூ-401 என்ற மிடி (கருவிகள் ஸ்வரங்களைச் செய்தியாகப் பரிமாறும் முறை) இடைமுகத்தில் இரண்டு பயன்முறைகள். ஒன்றில் அது வெறும் குழாய். பைட் வந்தால் தள்ளிவிடும். மற்றொன்று ‘புத்திசாலி’ முறை: எந்த ஸ்வரம் எப்போது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால், தன் கடிகாரத்தைப் பார்த்துத் தானே அனுப்பும். கணினிகள் மெதுவாக இருந்த காலத்தில் இது பெரிய உதவி. கணினி வேகமானதும் புத்திசாலிக்கு வேலை போயிற்று. லினக்ஸில் இன்றைக்கும் இருக்கும் எம்பியூ-401 டிரைவருக்குக் குழாய் முறை மட்டும்தான் தெரியும்.

மற்றொரு பக்கம், சன் நிறுவனத்தின் ஸ்பார்க் நிலையங்களில் ஒலி ஒரு கோப்பாகவே இருந்தது. ‘டெவ்’ அடைவில் ‘ஆடியோ’ என்று ஒரு பெயர். ஒலிக்கோப்பை அதன் மேல் கொட்டினால் ஸ்பீக்கர் பேசும். நொடிக்கு 8,000 மாதிரிகள், தொலைபேசித் தரம். எல்லாமே கோப்பு என்ற யூனிக்ஸ் கொள்கை இவ்வளவு அழகாக வேறெங்கும் பலித்ததில்லை என்று நினைக்கிறேன். திற, எழுது, மூடு. குழந்தைக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கலாம்.

லினக்ஸுக்கு இந்த அழகைக் கொண்டுவந்தவர் ஹன்னு சவோலைனன் என்ற பின்லாந்துக்காரர். 1992-ல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்கு அவர் எழுதத் தொடங்கியதே பிறகு ஓஎஸ்எஸ் ஆனது. அந்தக் கார்டு சிங்கப்பூரில் பிறந்தது. அதில் இருந்ததும் யமஹாவின் எஃப்எம் சில்லுதான். ஓஎஸ்எஸ்ஸில் தாளம் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் குடிவந்தது. ‘சீக்வென்சர்’ என்ற கோப்பில் “இத்தனையாவது டிக்கில் இந்த ஸ்வரம்” என்று எழுதி வைத்தால், கெர்னல் டைமர் பார்த்து அனுப்பும். நிரல் எழுதுபவருக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் ஒலிகளைக் கலப்பது, வடிவம் மாற்றுவது எல்லாம் கெர்னல் தலையில் விழுந்தன. லினக்ஸ் கெர்னலில் தசமக் கணக்கு போடுவதை யாரும் விரும்புவதில்லை. உரிமச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஓஎஸ்எஸ்ஸின் வணிகப் பதிப்பு ஒரு பக்கம், இலவசப் பதிப்பு ஒரு பக்கம் என்று வழி பிரிந்தது. முழு மூலமும் திறந்து விடப்பட்டது 2007-ல். அதற்குள் தேர் நிலைக்குப் போய்விட்டது.

அந்தத் தேரை இழுத்தது அல்சா. கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டுக்கான டிரைவரில் தொடங்கிய யாரோஸ்லாவ் கைசெலா என்ற செக் நாட்டுக்காரர் 1998-ல் ஆரம்பித்தது. 2002-ல் கெர்னலின் வளர்ச்சிக் கிளைக்குள் வந்தது. 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6-ல் ஓஎஸ்எஸ் ஓரங்கட்டப்பட்டு அல்சா உட்கார்ந்தது. கெர்னலில் மெல்லிய டிரைவர், மீதி வெளியே ஒரு நூலகத்தில் என்பது இதன் கட்டுமானம். கொள்கை சரி. ஆனால் நிரல் எழுதுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால், மூன்று வரியில் முடிந்த காரியம் முப்பது வரி ஆனது. இன்றைக்கும் பழைய ஆட்கள் ஓஎஸ்எஸ் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுவதில் அநியாயம் ஒன்றுமில்லை.

டிரைவர் எழுதுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. அல்சா டிரைவரின் உள்ளுறுப்பைக் கர்நாடக சங்கீதம் கேட்டவருக்குச் சுலபமாக விளக்கலாம். வளையமாகச் சுற்றும் ஒரு பஃபர், அதுதான் ஆவர்த்தனம். அதைச் சம துண்டுகளாகப் பிரித்திருக்கும், அவை அங்கங்கள். வன்பொருள் ஒவ்வொரு துண்டையும் வாசித்து முடித்ததும் கெர்னலைத் தட்டிக் கூப்பிடும்; அந்தத் தட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர். தட்டு விழுந்ததும் டிரைவர், “ஒரு துண்டு ஆயிற்று” என்று அல்சாவுக்குச் சொல்ல வேண்டும். அல்சா உடனே திருப்பிக் கேட்கும்: “இப்போது எந்த இடத்தில் இருக்கிறாய்?” பாயின்டர் என்ற சின்னச் செயல்கூறு அதற்குப் பதில் சொல்லும். பெரும்பாலும் நாலு வரிதான் இருக்கும். ஒரு பதிவேட்டைப் படித்து எண்ணைத் திருப்பித் தருவது, அவ்வளவே.

டிரைவரின் மானம் அந்த நாலு வரியில் இருக்கிறது. சில சில்லுகள் பொய் சொல்லும். வாசிக்காத இடத்தை வாசித்ததாகச் சொல்லும், அல்லது துண்டு முடியும்போது மட்டும் உண்மை பேசும். இன்டெல் எச்டிஏ ஒலிக்கான டிரைவரில் இந்தப் பொய்யைச் சரிசெய்யவே தனியாக ஒரு அமைப்பு உண்டு. எந்த வழியில் இடத்தைக் கண்டுபிடிப்பது என்று எண் கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாம். நிரல் அடுத்த துண்டை நேரத்துக்கு நிரப்பவில்லை என்றால் வன்பொருள் காத்திருக்காது. பழைய ஒலியையோ மௌனத்தையோ வாசித்துவிட்டுப் போகும். இதை எக்ஸ்-ரன் என்கிறார்கள். காதுக்கு ‘டப்’ என்று ஒரு வெடிப்பு. தாளம் தப்பிவிட்டது என்பதுதான் அதன் தமிழ்.

இனி என் பேட். வித்வான் வீட்டுக்குப் போகும் முன்னால், அதை முதலில் செருகியபோது லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. யூஎஸ்பியில் ஒலிக்கும் மிடிக்கும் பொது விதிகள் உண்டு. ஒலிக்கு 1998, மிடிக்கு 1999. அந்த விதிப்படி நடக்கும் கருவிக்குப் புது டிரைவரே தேவையில்லை. லினக்ஸ், பிஎஸ்டி, மேக் எல்லாவற்றிலும் பொது டிரைவர் பார்த்துக்கொள்ளும். இசைச் சாதன டிரைவர் எழுதும் தேவையைப் பாதிக்கு மேல் ஒழித்தது இந்த விதிகள்தான். என் பேட் அந்த வரிசையில் நிற்க மறுத்தது. தன் வகை எண்ணாக 255 என்று சொல்லிக்கொண்டது. “நான் தனி ரகம், என்னைச் செய்தவரைக் கேள்” என்று அதற்கு அர்த்தம். செய்தவர் விண்டோசுக்கு ஒரு குறுந்தகடு கொடுத்ததோடு கையைக் கழுவியிருந்தார்.

நான் புதிதாக ஒரு டிரைவரே எழுதினேன், சுமார் நானூறு வரி. பேடிலிருந்து வருவதைப் படிப்பது ஒரே இரவில் ஓடிவிட்டது. சதுரங்களுக்கு அடியில் விளக்குகள் உண்டு. அவற்றை எரிய வைக்கக் கணினியிலிருந்து செய்தி அனுப்ப வேண்டும். அங்கே மாட்டிக்கொண்டேன். அனுப்பச் சொல்லும் டிரிகர் என்ற செயல்கூற்றுக்குள், “அனுப்பு, போய்ச் சேரும்வரை காத்திரு” என்ற வகை யூஎஸ்பி அழைப்பைப் போட்டிருந்தேன். முதல் விளக்கு எரிந்தது. உடனே திரையெல்லாம் கெர்னலின் வசவு. தூங்கக் கூடாத இடத்தில் தூங்கினாய் என்பது அதன் சாரம். தூங்க முடியாத இடத்திலிருந்தும் அல்சா டிரிகரைக் கூப்பிடும். அங்கே ஒரு நொடிப் பொழுதும் கண்ணயரக் கூடாது. தாளம் போடுகிறவர் நடுவில் காபி குடிக்கப் போக முடியுமா? சரியான வழி, கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு உடனே திரும்புவது. போய்ச் சேர்ந்த தகவல் பிறகு தனியாக வரும். இந்தப் பாடம் டகாஷி இவாய் எழுதிய அல்சா டிரைவர் கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. அடி வாங்கிய பிறகு படித்தேன்.

இரண்டாவது அடி வித்வானின் பேரன் கொடுத்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கினான். சாதனம் போய்விட்டது, நிரல் இன்னும் அதைத் திறந்து வைத்திருக்கிறது, என் டிரைவரோ நினைவகத்தை விடுவித்துவிட்டது. லேப்டாப் உறைந்து நின்றது. யூஎஸ்பி டிரைவரில் சேர்வதைவிடப் பிரிவதை எழுதுவதுதான் கடினம். கடைசி ஆள் கதவைச் சாத்தும்வரை கார்டை விடுவிக்கக் கூடாது. அதற்கென்றே ஒரு அழைப்பு அல்சாவில் தயாராக இருக்கிறது.

இவ்வளவும் முடிந்தபின், கம்பியில் போகும் பைட்டுகளை யூஎஸ்பிமான் என்ற கண்காணிப்பு வசதியை வைத்து நிதானமாகப் பார்த்தேன். நாலு நாலு பைட்டாக வரும் சாதாரண யூஎஸ்பி மிடி பொட்டலங்கள். கருவி விதிப்படிதான் பேசுகிறது. தன் பெயரை மட்டும் மாற்றிச் சொல்கிறது. இப்படிப்பட்ட கருவிகளுக்காக லினக்ஸின் பொது யூஎஸ்பி ஒலி டிரைவரில் ஒரு நீண்ட அட்டவணை இருக்கிறது. இந்த எண் கொண்ட கருவி 255 என்று சொன்னால் நம்பாதே, அது மிடிதான் என்று அங்கே ஒரு பதிவு போட்டால் போதும். பத்து வரி. நானூறு வரியும் வீண். அந்த அட்டவணையைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். இசைக் கருவி நிறுவனங்கள் இருபது வருடமாகச் சொன்ன சின்னச் சின்னப் பொய்களின் பட்டியல் அது.

எல்லாருக்கும் பத்து வரியில் விமோசனம் இல்லை. கலவைக் குமிழ்களையும் உள்ளிணைப்புகளையும் மென்பொருளில் மட்டும் வைத்திருக்கும் ஒலி இடைமுகங்கள் உண்டு. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசைக்கு ஜெஃப்ரி பென்னெட் என்பவர் கம்பியைக் கவனித்துக் கவனித்தே கட்டுப்பாடுகளை எழுதி லினக்ஸில் சேர்த்தார். ஒலி விதிப்படி வருகிறது, குமிழ் வரவில்லை என்பதே இன்றைய டிரைவர்காரர்களின் பொதுப் புலம்பல்.

மற்ற யூனிக்ஸ்களைப் பற்றி இரண்டு வார்த்தை. ஃப்ரீபிஎஸ்டி ஓஎஸ்எஸ் பாணியைக் கைவிடவில்லை. கலப்பதையும் கெர்னலிலேயே முழு எண் கணக்கில் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. ஓப்பன்பிஎஸ்டி எஸ்என்டிஐஓ என்ற சின்னச் சேவகனை வைத்து ஒலியையும் மிடியையும் ஒரே வாசலில் நிறுத்தியது. படித்ததில் எனக்கு மிகப் பிடித்த நிரல் அதுவே. ஆப்பிள் 2019 முதல் டிரைவர்களைக் கெர்னலை விட்டே வெளியேற்றத் தொடங்கி, 2021-ல் ஒலி டிரைவர்களுக்கும் வழி செய்தது. லினக்ஸில் கெர்னலுக்கு மேலே ஒலிச் சேவகர்கள்: பால் டேவிஸின் ஜாக், லெனார்ட் பாட்டரிங்கின் பல்ஸ்ஆடியோ, இப்போது விம் டேமன்ஸின் பைப்வயர். தாளம் கார்டிலிருந்து கெர்னலுக்கு வந்து, கெர்னலிலிருந்து இப்படி வெளியே நடந்துவிட்டது. கெர்னலிடம் கேட்பது ஒன்றே ஒன்று: கூப்பிட்டால் உடனே எழுந்திரு. அந்த உத்தரவாதத்தைத் தரும் நிகழ்நேரத் திருத்தங்கள் முழுதாகச் சேர்ந்தது 2024 நவம்பரில், லினக்ஸ் 6.12-ல். இருபது வருட வேலை. பதினெட்டு வருடம் மூடியே கிடந்து 2009-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைத் தினமும் கடந்து போகும் அல்சூர்க்காரனுக்கு இது பெரிய காத்திருப்பாகத் தெரியாது.

வித்வானிடம் திரும்பப் போனபோது பஃபரை 128 மாதிரிகளாக, இரண்டு துண்டாக, நிகழ்நேர முன்னுரிமையோடு வைத்திருந்தேன். 5 மில்லிநொடி. தாமதத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. ரப்பர் விரலை எரிக்கிறது என்றார்.

இந்த ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1985-ல் பெங்களூரு வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இப்போது இருப்பது எங்களுக்குக் கிழக்கே, சி.வி. ராமன் நகரில். லினக்ஸின் ஒலிச் சில்லு அடைவைத் திறந்தால் அந்த நிறுவனத்தின் டிஎல்வி320 வரிசைப் பெயர்கள் வரிசையாக நிற்கும். அங்கே டிரைவர் ஒரே துண்டாக இருக்காது: சில்லுக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று, இரண்டையும் பலகையில் இணைக்க ஒன்று. தனித்தனியாக எழுதிக் கோத்துக்கொள்ளலாம். 2012 வாக்கில் வினோத் கௌல் முதலியோர் சேர்த்த ஏற்பாட்டில் எம்பி3-யைப் பிரிக்காமலே ஒலிக்கான தனிச் செயலியான டிஎஸ்பியிடம் கொடுத்துவிட்டு முதன்மைச் செயலி தூங்கப் போகலாம். கைபேசியின் பேட்டரிக்காகச் செய்தது. ஆனால் கவனித்துப் பார்த்தால் எம்பியூ-401-இன் புத்திசாலி வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறான்.

இதே ஊரில் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் தொடங்கிய ராடெல் நிறுவனம் மின்னணுத் தம்புராவையும் தாளமாலாவையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அவற்றுக்கு டிரைவர் கேட்பவர் யார்? பெட்டிக்குள்ளேயே எல்லாம். அதனால்தான் அவை தப்பாமல் ஓடுகின்றன.

பெட்டிகள் தனித்தனியாக இருப்பதில் ஒரு சங்கடம். ஒவ்வொன்றிலும் தனித்தனிக் குவார்ட்ஸ் படிகம். இரண்டு படிகங்களுக்கு நடுவே லட்சத்தில் 5 பங்கு வித்தியாசம் என்பது சாதாரணம். இரண்டரை மணி நேரக் கச்சேரியை இரண்டு ஒலிப் பெட்டிகளில் தனித்தனியாகப் பதிவு செய்தால் கடைசியில், மங்களம் பாடும்போது, இரண்டும் 0.45 நொடி விலகியிருக்கும். இதைத் தீர்க்க டிரைவரால் ஆகாது. அது உண்மையான இடத்தையும் நேரத்தையும் சேர்த்துச் சொன்னால், மேலே இருப்பவர் நீட்டிச் சுருக்கிச் சரிசெய்துகொள்வார்.

கமகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சபையில் கேள்வி வரும். மிடியில் கமகம் வராது என்பது நம் வட்டாரத்தில் வேதவாக்கு. பாதிதான் சரி. மிடி 1.0-இன் வளைவுச் செய்தியில் 16,384 படிகள். அதை மேலே ஒரு ஸ்தாயி, கீழே ஒரு ஸ்தாயி என்று பரப்பினாலும், ஒரு படி என்பது ஸ்தாயியை 1,200 சென்டாகப் பிரித்தால் அதில் ஒரு சென்டின் ஏழில் ஒரு பங்கு. எந்தக் காதும் அதைப் பிரித்தறியாது. பழைய மிடி கம்பியில் நொடிக்கு 31,250 பிட். மூன்று பைட் செய்தி ஒன்றுக்கு ஒரு மில்லிநொடிக்குள். ஆக நொடிக்கு ஆயிரம் வளைவுகள். தோடி காந்தாரத்துக்கு அது தாராளம். குறை கம்பியில் இல்லை, டிரைவரிலும் இல்லை; கட்டையை அழுத்தும் விரலுக்குப் பக்கவாட்டில் அசைய இடம் கொடுக்காத கருவியில் இருக்கிறது. சென்னை எம். சுப்பிரமணியன் தம் ‘காயகா’ மென்பொருளில் கட்டையையே ஒதுக்கிவிட்டு, ஸ்வரக் குறிப்பிலிருந்து கமகத்தைக் கணக்கிட்டு வாசிக்க வைத்தார்.

மிடி உண்மையில் சறுக்கும் இடம் வீணை. வளைவு ஒரு முழு சேனலுக்கும் சேர்த்துத்தான் போகும். மெட்டின் மேல் தந்தியை இழுக்கும்போது அதே சேனலில் ஒலிக்கும் பக்கசாரணித் தந்திகளும் கூடவே சுருதி ஏறிவிடும். தந்திக்கு ஒரு சேனல் கொடுத்துச் சமாளிக்கலாம். 2020-ல் வந்த மிடி 2.0 ஸ்வரத்துக்கு ஸ்வரம் தனி வளைவு தருகிறது, 32 பிட் நுணுக்கத்தில். லினக்ஸ் 2023-ல், 6.5 பதிப்பில், அதற்கான டிரைவர் அடித்தளத்தைச் சேர்த்துவிட்டது. மிடி 2.0-இல் செய்தியோடு நேரத்தையும் முத்திரை குத்தி அனுப்ப வழி இருக்கிறது. கம்பியில் தடுமாறினாலும் வாங்குபவர் சரியான தட்டில் வைத்துக்கொள்ளலாம். கார்டு, கெர்னல், வெளி நிரல் என்று அலைந்த தாளம் இப்போது செய்தியின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

என் பத்து வரி இன்னும் என் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது, கெர்னல்காரர்களுக்கு அனுப்பவில்லை. பேடின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் பெயரையும், யூஎஸ்பியில் அது சொல்லும் பெயரையும் ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை. அதே எண்ணை வேறொரு மாடலுக்கும் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதில் கம்பிகள் வேறு இடத்தில் இருந்தால் என் பதிவு அந்தக் கருவியை ஊமையாக்கிவிடும். அதையும் ஒரு தடவை செருகிப் பார்க்காமல் அனுப்ப மனம் வரவில்லை. எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்தால் எடுத்து வைக்கிறேன் என்றிருக்கிறார்.